புதிய பாகம் பூட்டிய பின் கணனி மந்தமாவது ஏன்?

எம்மவர் வீடுகளில் கணனி இன்று ஆடம்பரப் பொருள் அன்று. பிள்ளைகளின் பாடங்கள் அதில் இருக்கின்றன. ஊரிலுள்ள பெற்றோரின் முகத்தை அதிலேயே காண்கிறோம். வேலை விண்ணப்பம், வாடகைப் பத்திரம், வருமான வரிக் கணக்கு ஆகியவற்றுடன், அகதிக் கோரிக்கைக்கான சத்தியக் கடதாசிகளும் சாட்சிக் கடிதங்களும் அதற்குள்ளேயே கிடக்கின்றன.

அப்படிப்பட்ட கணனி வேகம் குறைந்து போனால், புதியது வாங்க எல்லோர் கையிலும் பணம் இருப்பதில்லை. ஆகவே பழைய பெட்டியைத் திறந்து, மலிவு விற்பனையில் வாங்கிய புதிய பாகம் ஒன்றைப் பூட்டுகின்றோம். வேகம் கூட வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் பல வீடுகளில் நடப்பதோ வேறு. பாகம் மாறிய மறுநாளே கணனி முன்னையதிலும் மோசமாகத் தவழத் தொடங்கிவிடுகிறது. 'காசும் போயிற்று, கணனியும் போயிற்று' என்று சலித்துக்கொண்டு, நல்ல கணனியைக் குப்பையில் போட்டுவிட்டுக் கடனட்டையில் புதியது வாங்கியோர் பலரை நாம் அறிவோம்.

நாம் பொறியியலாளர் அல்லோம். ஊரில் தமிழும் வரலாறும் கற்பித்த கலைப்பட்டதாரி ஆசிரியராக இருந்தோம். இங்கு வந்த பின்னர், வளர்ந்தோர் வகுப்பில் பிள்ளைகளின் வயதினரோடு அமர்ந்து கணனி பயின்றோம். அந்த அனுபவத்தில் அறிந்த ஒன்றையே இங்கு கூற விழைகின்றோம். பாகம் மாறிய பின் வேகம் குறைந்தால், பெரும்பாலும் குற்றம் அந்தப் பாகத்தில் இருப்பதில்லை. அதைப் பூட்டிய விதத்திலோ, அதனோடு இணைந்த வேறொன்றிலோ இருக்கிறது. பதறாமல் ஒழுங்காகத் தேடினால் அதனைக் கண்டுபிடித்துவிடலாம்.

அயல்வீட்டில் நடந்தது

ஸ்காபரோவில் நாம் வசிக்கும் தொடர்மாடியில் ஓர் இளங்குடும்பம் இருக்கிறது. கணவர் இரவு வேலை. இரண்டு பிள்ளைகள். அவர்களது அகதிக் கோரிக்கை விசாரணைக்கு 22 நாட்கள் இருந்தன. பத்திரங்களைப் பிரதி செய்து அனுப்புமாறு சட்டத்தரணியின் அலுவலகம் கேட்டிருந்தது. விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னரே ஆவணங்கள் குடிவரவு, அகதிகள் சபையிடம் சேர்ந்துவிட வேண்டும் என்பது விதி. ஆக, அவர்கள் கையில் இருந்தவை 12 நாட்களே.

கணனி மிகவும் மந்தமாக இருந்தமையால், உறவுக்காரப் பையன் ஒருவர் உதவிக்கு வந்து, ஒரே நாளில் இரண்டு பாகங்களைப் பூட்டினார். ஒன்று எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகைத் தட்டு. மற்றையது றாம் எனப்படும் நினைவகத் துண்டு. பழைய வன்தட்டில் இருந்த அனைத்தையும் புதிய தட்டுக்குப் பிரதியும் செய்தார். அன்றிரவே கணனி உறையத் தொடங்கிற்று. ஒரு கடிதத்தைத் திறக்க ஐந்து நிமிடம். சுட்டியை அசைத்தால் திரையில் அசைவில்லை.

மறுநாள் கணவர் எமது கதவைத் தட்டினார். "மாஸ்ரர், உள்ள காசையும் போட்டுப் புதுச் சாமான் பூட்டினது. இப்ப முந்தினதிலும் மோசமாக் கிடக்கு. உதைத் தூக்கி எறிஞ்சுபோட்டு எழுநூறு டொலருக்கு ஒண்டு வாங்கப் போறன்" என்றார்.

"தம்பி, வாங்கிறதைப் பிறகு பாப்பம். முதல் கடதாசியளைக் காப்பாத்துவம்" என்றோம்.

முதலில் பத்திரங்கள்

எந்தத் திருத்தத்திற்கும் முன்னர் செய்ய வேண்டியது இதுவே. கணனி தவழ்ந்தாவது இயங்கும்போதே முக்கிய ஆவணங்களை யூ.எஸ்.பி. குச்சி ஒன்றில் பிரதி செய்துவிட வேண்டும். பிரதி செய்தால் மட்டும் போதாது. வேறொரு கணனியில் அதனைச் செருகி, ஆவணங்கள் திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே மனம் ஆற வேண்டும். அந்தக் குடும்பத்தின் பத்திரங்களைப் பிரதி செய்து முடிக்க இரவில் பாதி கழிந்தது. விடிந்ததும் ரொறொன்ரோ பொது நூலகக் கிளை ஒன்றுக்குச் சென்று திறந்து பார்த்தோம். அனைத்தும் இருந்தன. அதன் பின்னரே அந்தத் தாயின் முகத்தில் தெளிவு வந்தது.

இந்நகரில் பொது நூலகத்திற்கு 100 கிளைகள் உள்ளன. அங்கு கணனியை இலவசமாகப் பாவிக்கலாம். தவணை நெருங்கும் வேளையில் வீட்டுக் கணனி பழுதாகிவிட்டால், திருத்தத்திற்காகக் காத்திராது நூலகத்திற்குச் செல்லுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இக்காலக் கணனிகள் பலவற்றில் தட்டிலுள்ள அனைத்தும் 'பிற்லொக்கர்' என்னும் முறையால் பூட்டப்பட்டிருக்கும். தாய்ப்பலகையை மாற்றினாலோ, பயோஸ் எனும் அடிப்படை அமைப்பில் கைவைத்தாலோ, அது 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் இல்லையேல் உள்ளே இருப்பவை உங்களுக்கே கிடைக்கமாட்டா. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கும். பெட்டியைத் திறக்கு முன்னரே அதனைத் தேடியெடுத்துக் கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

என்ன மாறியது?

வகுப்பறையில் பிள்ளையின் கணக்குப் பிழைத்தால், கடைசி விடையைப் பார்த்து ஏசுவதில் பயனில்லை. எந்த வரி வரை சரியாக இருந்தது, எந்த வரியில் பிழைத்தது என்று பார்ப்போம். கணனிக்கும் அதே வழிதான். ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து, எந்த நாளில் எந்தப் பாகம் மாறியது, எந்தக் கேபிள் கழற்றப்பட்டது, எந்த மென்பொருள் ஏற்றப்பட்டது, மந்தம் எப்போது தொடங்கிற்று என்பவற்றை எழுத வேண்டும். கணனி எழும்ப எத்தனை நிமிடம் எடுக்கிறது என்பதையும் மணிக்கூட்டைப் பார்த்துக் குறிக்க வேண்டும். 'மெதுவாக இருக்கிறது' என்பது மனக்குறை மாத்திரமே. 'நான்கு நிமிடம் எடுக்கிறது' என்பது அளவு. அளவு இருந்தால்தான் திருத்தம் பலித்ததா என்று அறியலாம்.

அவர்களது கணனி எழும்ப 4 நிமிடம் 20 செக்கன் எடுத்தது. கொப்பியில் குறித்துக்கொண்டோம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

உறவுக்காரப் பையன் செய்த தவறு, இரண்டு பாகங்களை ஒரே நாளில் மாற்றியதே. அதனால் குற்றவாளி எது என்று தெரியாமற் போயிற்று. ஆகவே மின்சாரத்தைத் துண்டித்து, புதிய நினைவகத் துண்டை மட்டும் கழற்றிவிட்டுப் பார்த்தோம். மந்தம் குறையவில்லை. நினைவகம் நிரபராதி என்று எழுதிவிட்டு, அதனை மீண்டும் பூட்டினோம்.

அடுத்து, விண்டோசில் உள்ள 'டாஸ்க் மனேஜர்' பக்கத்தைத் திறந்தோம். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் அது தோன்றும். செயலி, நினைவகம், தட்டு ஆகியன எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை அது காட்டும். அங்கே இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. தட்டு 100 வீதம் வேலை செய்வதாகக் காட்டிற்று. ஆனால் அது ஒரு செக்கனில் ஒரு மெகாபைற் அளவுகூட வாசிக்கவில்லை. அத்தோடு, விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தது புதிய தட்டில் அன்று, பழைய வன்தட்டிலேயே. அதாவது புதிய தட்டு பெட்டிக்குள் வேலையின்றி இருந்தது.

பழைய தட்டுக்கு என்ன நேர்ந்தது? தட்டின் உடல்நிலையைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் பாவித்துப் பார்த்தோம். தட்டு நலமாகவே இருந்தது. ஆனால், கேபிள் வழியே செல்லும் தரவு பிழைபட்ட தடவைகளின் எண்ணிக்கை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறிச்சென்றது. புதிய தட்டுக்கு இடம் ஒதுக்கும்போது பழைய கேபிளை மடித்து நெரித்துவிட்டார்கள். பிழைபட்ட ஒவ்வொரு தடவையும் கணனி அதே தரவை மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவே உறைதலுக்குக் காரணம்.

சில டொலர் விலையில் புதிய கேபிள் ஒன்றை வாங்கி மாற்றினோம். பழைய தட்டு பழைய வேகத்திற்குத் திரும்பிற்று. அதனைக் கொப்பியில் எழுதிய பின்னர், பழைய தட்டின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பயோசில் புதிய தட்டை முதலாவதாக அமைத்தோம். கணனி 28 செக்கனில் எழும்பிற்று.

இம்முறை எம்மவருக்குப் புதியதன்று. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்ட பின், யாழ். குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். சில துளி பெற்றோலில் எழுப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். வண்டி இழுக்காவிட்டால் எமது திருத்துநர்கள் வண்டியை வீசிவிடவில்லை. புளக்கைக் கழற்றிக் கரியைத் துடைத்துப் பார்ப்பர். சரிவராவிட்டால் அடுத்ததைப் பார்ப்பர். ஒவ்வொன்றாகப் பார்க்கும் அந்தப் பொறுமையே கணனிக்கும் வேண்டியது.

ஒரு பேராசிரியரின் பொறுமை

புதிய பாகமே உண்மையில் குற்றவாளியாக இருந்த சந்தர்ப்பமும் உண்டு. அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில், லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி, பல கணனிகளைக் கொண்டு பகா எண்கள் பற்றிய நீண்ட கணக்கொன்றைச் செய்துவந்தார். 1994ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இன்டெல் நிறுவனத்தின் புதிய பென்டியம் செயலி கொண்ட கணனியொன்றை அவற்றுடன் சேர்த்தார். ஜூன் மாதத்தில் விடைகள் ஒன்றோடொன்று பொருந்தாமை கண்டார்.

அவர் உடனே புதிய கணனியைக் குற்றஞ்சாட்டவில்லை. தமது நிரலைச் சோதித்தார். அதனை மொழிமாற்றும் மென்பொருளைச் சோதித்தார். தாய்ப்பலகையைச் சோதித்தார். ஒவ்வொன்றாக விலக்கி, ஒக்டோபர் மாதத்திலேயே செயலியில்தான் பிழை என்ற முடிவுக்கு வந்தார். பென்டியத்தின் வகுத்தல் அட்டவணையில் சில பதிவுகள் விடுபட்டிருந்தன. 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.3338 என வரவேண்டிய விடை 1.3337 என்றே வந்தது. டிசெம்பர் 20ஆம் திகதி, கேட்போர் அனைவருக்கும் செயலியை மாற்றித் தருவதாக இன்டெல் அறிவித்தது. அதற்கென 475 மில்லியன் அமெரிக்க டொலரை ஒதுக்க நேர்ந்தது. ஒரு பெரும் நிறுவனம் தனியொரு ஆசிரியரின் சொல்லை ஏற்க வேண்டி வந்தமைக்குக் காரணம், மற்றைய சாத்தியங்கள் அனைத்தையும் அவர் முன்னரே விலக்கியிருந்தமையே.

பாகத்திற்குப் பாகம் பார்க்க வேண்டியவை

தட்டு: வன்தட்டு ஒரு தரவைத் தேடியெடுக்க ஏறத்தாழ செக்கனில் நூறில் ஒரு பங்கு எடுக்கும். எஸ்.எஸ்.டி. தட்டு அதனிலும் ஏறத்தாழ நூறு மடங்கு விரைவாக எடுக்கும். இவ்வேறுபாடு உங்கள் கணனியில் தெரியவில்லையெனில், விண்டோஸ் எந்தத் தட்டிலிருந்து எழும்புகிறது என்பதை முதலில் பாருங்கள். பின்னர் கேபிளைப் பாருங்கள். பழைய தாய்ப்பலகைகளில் சில இணைப்புவாய்கள் மற்றவற்றின் பாதி வேகமே கொண்டவை. வேகமான வாயில் செருகுங்கள்.

நினைவகம்: வேகம் வேறுபட்ட இரு துண்டுகளைப் பூட்டினால், இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே ஓடும். இரு துண்டுகளையும் எந்தத் துளைகளில் பூட்ட வேண்டும் என்பது தாய்ப்பலகையின் கைநூலில் இருக்கும். பல பலகைகளில் அவை அடுத்தடுத்த துளைகள் அல்ல, ஒன்றுவிட்ட துளைகள். பூட்டிய அளவு முழுவதையும் கணனி ஏற்றுக்கொண்டதா என்பதை டாஸ்க் மனேஜரில் பாருங்கள்.

செயலியும் விசிறியும்: செயலி ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் வெப்பத்தை அண்மித்தால், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். விசிறியைக் கழற்றிப் பூட்டும்போது வெப்பப் பசையைப் பூச மறந்தாலோ, புதிய விசிறியின் அடியில் உள்ள பிளாஸ்ரிக் தாளை உரிக்காமல் விட்டாலோ இது நேரும். தொடக்கத்தில் வேகமாக இருந்து, பத்து நிமிடத்தில் தளர்ந்துவிடும் கணனிக்கு வெப்பத்தையே முதலில் சந்தேகியுங்கள்.

கிராபிக்ஸ் கார்ட்: புதிய கார்ட் பூட்டிய பின் திரையின் கேபிளைத் தாய்ப்பலகையின் பழைய வாயிலேயே செருகிவிட்டு, 'வித்தியாசம் இல்லை' என்பவர் பலர். கேபிள் புதிய கார்ட்டின் வாயில் செருகப்பட வேண்டும். அதற்குரிய டிரைவர் மென்பொருளையும் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். இத்துறையில் உலகப் புகழ் பெற்ற ஏ.ரி.ஐ. நிறுவனம், ஹொங்கொங்கிலிருந்து வந்தோர் சிலரால் 1985ஆம் ஆண்டு இங்கேயே, ரொறொன்ரோ பெரும்பாகத்தில் தொடங்கப்பட்டதாகும். 2006ஆம் ஆண்டு ஏ.எம்.டி. நிறுவனம் அதனை வாங்கிற்று.

மடிக்கணனியின் மின்னேற்றி: 65 வாற் கேட்கும் மடிக்கணனிக்கு 45 வாற் மின்னேற்றியைக் கொடுத்தால், சில கணனிகள் செயலியின் வேகத்தைப் பெரிதும் குறைத்துவிடும். இரண்டிலும் அச்சிடப்பட்டுள்ள எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சில வேளைகளில் பழுது எதுவுமே இராது. புதிய தட்டுக்கு மாறிய பின், விண்டோஸ் ஓரிரு நாட்களுக்குக் கோப்புகளை அட்டவணைப்படுத்துவதும் புதுப்பித்தல்களை இறக்குவதுமாக இருக்கும். கணனியை ஒரு முழு இரவு ஓடவிட்டுப் பார்த்த பின்னரே திருத்தத்தைத் தொடங்குங்கள்.

கழற்றிய தட்டை என்ன செய்வது?

எம்மவர் பலர் கவனியாதது இதுவே. கழற்றிய பழைய தட்டில் உங்கள் வாழ்க்கை முழுவதும் இருக்கிறது. சத்தியக் கடதாசியில் நீங்கள் எழுதிய பெயர்கள், ஊரில் இன்னும் இருக்கும் உறவினரின் முகவரிகள், அவர்களுக்கு நேர்ந்தவை யாவும் அதில் உண்டு. கோப்பை அழித்துவிட்டால் அது மறைந்துவிடுவதில்லை. தெரிந்தவர் அதனை மீட்டெடுக்கலாம். ஆகவே அத்தட்டை எவருக்கும் கொடுக்காதீர்கள், விற்காதீர்கள், குப்பையில் இடாதீர்கள். விசாரணையும் அதன் பின்னுள்ள அலுவல்களும் முடியும்வரை வீட்டிலேயே பத்திரமாக வைத்திருங்கள். பின்னர் முழுத் தட்டையும் துடைத்தழிக்கும் மென்பொருளைப் பாவித்து அழித்தோ, தட்டையே உடைத்தோ மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேருங்கள். கணனியைத் திருத்தக் கடையில் கொடுக்கும்போதும், தட்டைக் கழற்றி வைத்துக்கொள்ள முடியுமாயின் அவ்வாறே செய்யுங்கள்.

புதியது வாங்க வேண்டியது எப்போது?

எல்லாக் கணனியையும் காப்பாற்ற முடியும் என்று நாம் கூறவில்லை. மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு வேண்டும். இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருத்தல் வேண்டும். அத்தகுதி இல்லாத கணனிக்குப் புதிய பாகம் வாங்கு முன்னர் இதனை யோசியுங்கள். லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை ஏற்றினால், அத்தகைய கணனியும் பிள்ளைகளின் படிப்புக்கும் கடிதம் எழுதுவதற்கும் இன்னும் சில ஆண்டுகள் உதவும்.

அந்தக் குடும்பத்தின் பத்திரங்கள், தவணைக்கு ஐந்து நாட்கள் இருக்கும்போதே சட்டத்தரணியிடம் சேர்ந்தன. எழுநூறு டொலர் அவர்களிடமே இருந்தது. அந்தப் பணத்தில் மூத்த பிள்ளைக்குக் குளிர்காலச் சப்பாத்தும் அங்கியும் வாங்கியதாகத் தாயார் பின்னர் கூறினார். உறவுக்காரப் பையன் மீது எமக்குக் கோபம் இல்லை. அவர் நல்லதையே செய்ய வந்தார், ஒரே நாளில் இரண்டைச் செய்துவிட்டார். இப்போது அவரிடமும் ஓர் அப்பியாசக் கொப்பி இருக்கிறது.

வாசகர்களே, உங்கள் கணனியிலும் இத்தகைய மந்தம் ஏற்பட்டால், கடைக்கு ஓடு முன்னர் பத்திரங்களைப் பிரதி செய்யுங்கள். மாறியவற்றை எழுதுங்கள். ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். அப்படியும் வழி தெரியாவிடின், அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு விடயம் தெரிந்த ஒருவரிடம் செல்லுங்கள். நீங்கள் எழுதி வைத்தது அவரது வேலையில் பாதியை முடித்திருக்கும்.